அப்பாயி வைத்த குழம்பை இனி யார் வைப்பது?

புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு நின்றுவிடும். உலை ஏறாது. பங்காளி வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ தூக்குவாளியில் சோறும் குழம்பும் வரும். அழுது களைத்துக் கிடப்பவர்களை எழுப்பி உட்காரவைத்து இரண்டு வாயாவது சாப்பிட வைப்பார்கள். கருமாதி முடிந்து வீடு பழைய நடைக்குத் திரும்பி, போனவருக்கென்று முதல் படையல் போட அதே அடுப்பை மூட்டும்போது ஒரு கேள்வி எழும்: "அவுகளுக்கு என்ன புடிக்கும்?"

விடை வீட்டுக்கு வீடு மாறும். ஒருவருக்கு ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரையிலிருந்து வரும் நெத்திலிக் கருவாடு, மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு. இன்னொருவருக்குக் கேப்பைக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும். பல் போன பிறகும் முறுக்கை இடித்துத் தின்ற கிழவிக்கு முறுக்கு. சீயம், பணியாரம், பலாக்கொட்டை போட்ட முருங்கைக்கீரை. வெற்றிலை பாக்கு கட்டாயம் இருக்கும். சில இலைகளின் ஓரத்தில் சுருட்டும் பீடிக்கட்டும் சாராயமும்கூட இருக்கும். உயிரோடு இருந்தபோது அதற்காக அவரோடு தினம் சண்டை போட்ட மனைவியே அதை வாங்கிவரச் சொல்வார். தீபாவளிக்கு முதல் நாள், பொங்கலை ஒட்டி, ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று நாள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ஆனால் இலையில் இருப்பது பொதுவான விருந்துச் சாப்பாடாக இராது. குறிப்பிட்ட ஒரு மனிதரின் நாக்கு அந்த இலையில் இருக்கும்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே படையல் சமையலை வீட்டுக்குள் காப்பாற்றி வைக்க வேண்டும். சாதாரண மனிதர்களுக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை. சாவு விழுந்த அன்று முச்சந்தியில் கட்டும் 'கண்ணீர் அஞ்சலி' பிளெக்ஸ் ஒரு மழைக்கு மங்கிவிடும். அதில் இருக்கும் படம்கூட ஏதோ கல்யாணத்தில் எடுத்ததை வெட்டி ஒட்டியது. ஒரு பெண் அறுபது ஆண்டுகள் ஒரு வீட்டை நடத்தியிருப்பார். நிலப் பட்டாவில் அவர் பெயர் இருக்காது, கோயில் நன்கொடைக் கல்வெட்டில் இருக்காது. அவர் விட்டுப்போனது என்று எடுத்துக் காட்டக்கூடியது பெரும்பாலும் ஒரு கைப்பக்குவம்தான். புளியை எப்போது ஊற்றுவது, மீன் குழம்பை இறக்கும் முன் வெந்தயத்தை வறுத்துப் பொடித்துப் போடுவதா தாளிப்பிலேயே சேர்ப்பதா என்று அவர் வாழ்நாள் முழுக்கச் செய்துவந்த முடிவுகள் அவை. அவற்றை யாராவது தொடர்ந்து செய்துகொண்டிருந்தால்தான் அவர் நினைவில் இருப்பார்.

செத்தவருக்குச் சோறு வைக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 234ஆம் பாட்டில் வெள்ளெருக்கிலையார் என்ற புலவர் வேள் எவ்வியின் சாவைப் பாடுகிறார். எவ்வியின் மனைவி சின்னஞ்சிறு இடத்தை மெழுகி, புல்லைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு பிண்டம் வைக்கிறாள். பலரோடு சேர்ந்து உண்டே பழகியவன் இதை எப்படி உண்பான் என்று புலவர் மனம் உடைகிறார். அவரை வருத்தியது இறந்தவன் சாப்பிட்ட விதம் என்பதைக் கவனிக்க வேண்டும். தனியாகச் சாப்பிடத் தெரியாத ஒருவனுக்குத் தனிச்சோறு. எவ்வி ஆண்ட மிழலைக் கூற்றத்தை அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் வட்டாரத்தோடு பொருத்திக் காட்டுவது வரலாற்றாய்வாளர் வழக்கம். கறம்பக்குடிக்குத் தெற்கே, இதே மாவட்டம். வள்ளுவரும் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்து பேரில் தென்புலத்தாரைத்தான் முதலில் வைக்கிறார். தெய்வமும் விருந்தும் அதற்குப் பிறகுதான்.

அதே ஆவுடையார்கோயிலில், மாணிக்கவாசகரோடு சேர்த்துச் சொல்லப்படும் திருப்பெருந்துறையில், ஆத்மநாதருக்குப் புழுங்கலரிசிச் சோறும் பாகற்காயும் கீரையும்தான் நைவேத்தியம். சுடச்சுட வடித்த சோற்றைப் படைகல்லில் பரப்பி, எழும் ஆவியைச் சுவாமிக்குக் காட்டுவார்கள். ஏன் இந்த எளிய சாப்பாடு என்று கேட்டால் தலபுராணம் ஒரு கதை சொல்லும். இறைவன் ஒரு முதிய வாத்தியாராக வந்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாராம். முறைவைத்து வீட்டுக்கு வீடு சாப்பிட்டாராம். அப்போது அவருக்குக் கிடைத்தது புழுங்கலரிசிச் சோறும் பாகற்காயும் கீரையும். வாத்தியார் மறைந்துவிட்டார். ஊர் அவர் சாப்பிட்டதை மறக்கவில்லை. புராணத்தை நம்புகிறவர் நம்பட்டும். ஒருவரை நினைவில் வைத்துக்கொள்ள அவர் உண்டதையே சமைத்து வைப்பது என்ற எண்ணம் இந்த மாவட்டத்தில் எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருக்கிறது என்று இந்தக் கதை காட்டிவிடுகிறது.

அக்ரகாரங்களின் திவசச் சமையல் வேறு வகை. அங்கே தனி மனிதரின் விருப்பத்துக்கு இடம் குறைவு, பட்டியல் வழிவழியாக வந்தது. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை, பலாக்காய் உண்டு. வெங்காயம், பூண்டு, பெருங்காயம் கிடையாது. மிளகாய்க்குப் பதில் மிளகு. உருளைக்கிழங்கு, தக்காளி, கேரட், கோஸ் ஆகியவற்றை 'இங்கிலீஷ் காய்' என்று ஒதுக்கிவிடுவார்கள். விசுவாமித்திரர் சாப்பாட்டுக்கு 1008 கறி கேட்டதாகவும், அருந்ததி பாகற்காயை 100 என்றும் பிரண்டையை 300 என்றும் பலாவை 600 என்றும் கணக்கில் கொண்டு, மீதி எட்டுக் காய்களைச் சமைத்துப் பரிமாறியதாகவும் கதை உண்டு. கதை இருக்கட்டும். மிளகாயும் உருளையும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழி வந்தவை. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவரும் வரை தமிழர் சமையலில் மிளகாய் என்ற பொருளே இல்லை. ஆக, திவசத்தன்று மிளகு போட்டு இறக்கும் அந்தக் குழம்பில் 500 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ச் சமையலறை ஒன்று இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. எந்த அருங்காட்சியகத்திலும் அதைப் பார்க்க முடியாது.

பொன்னமராவதி, திருமயம் பக்கம் போனால் நகரத்தார் வீடுகளில் 'படைப்பு'. பங்காளிகள் ஒன்றுகூடி, முன்னோருக்குப் புதுத்துணி வைத்து, இன்னின்னதுதான் சமைப்பது என்ற கட்டு மாறாமல் சமைப்பார்கள். இசுலாமியர் வீடுகளில் பாத்திஹா ஓதி நெய்ச்சோறு ஆக்கிப் பகிர்வதுண்டு. கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மெக்சிகோவிலும் நவம்பர் தொடக்கத்தில் துலுக்கச் சாமந்தியால் அலங்கரித்த மேடையில் இறந்தவர்களுக்குப் பிடித்த பண்டங்களை வைக்கிறார்கள். யுனெஸ்கோ அதை 2008இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கறம்பக்குடிக் கிழவி ஒருத்தியை அந்த மேடை முன் நிறுத்தினால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

இந்தப் பகுதியில் கணக்கு எழுதுவதற்குக் குறைவே இல்லை. ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி பக்கமெல்லாம் மொய் விருந்து களைகட்டும். யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை ஒரு ரூபாய் பிசகாமல் நோட்டில் ஏற்றி, தலைமுறை தாண்டியும் பத்திரமாக வைத்திருப்பார்கள். பணத்துக்கு இவ்வளவு கவனமாக நோட்டுப் போட்ட அதே வீட்டில் அப்பாயி வைத்த குழம்புக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. அப்பாயி போனதும் அதுவும் போய்விடும். பிறகு ஒவ்வொரு படையலிலும் யாராவது ஒருவர் "அப்பாயி வச்சது மாதிரி இல்லையே" என்பார். எது குறைகிறது என்று அங்கிருக்கும் யாருக்கும் தெரியாது.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது செக் நாட்டில் நாஜிகள் நடத்திய தெரேசியன்ஸ்டாட் முகாமில், பட்டினியில் வாடிய யூதப் பெண்கள் தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளை நினைவிலிருந்து எழுதினார்கள். கேக், கொழுக்கட்டை, வாத்துக்கறி என்று முகாமில் கண்ணால்கூடக் காண முடியாத பண்டங்கள். சில குறிப்புகளில் பொருள் விட்டுப்போயிருக்கும், சிலவற்றில் பக்குவம் பாதியில் நிற்கும். அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்த மினா பாக்டர் 1944இல் முகாமிலேயே இறந்தார். மகளிடம் சேர்க்கச் சொல்லி அவர் ஒப்படைத்த கட்டு கைமாறிக் கைமாறி, சுமார் 25 ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் இருந்த மகளை அடைந்தது. 1996இல் அது நூலாக வெளிவந்தது. தமிழிலும் சமையல் நூலுக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. புகுந்த வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத இளம்பெண்களுக்கு அது இன்றுவரை துணை நிற்கிறது. ஆனால் ஒரு சமூகத்தின், ஒரு வகைச் சமையலின் பதிவு அது. கருவாட்டுக்கும் களிக்கும் உப்புக்கண்டத்துக்கும் அந்த அளவு நிதானமாக எழுதப்பட்ட வீட்டுக் குறிப்புகள் நம்மிடம் எவ்வளவு இருக்கின்றன?

குடும்ப நினைவு ஒரு இனத்தின் நினைவாக விரிந்ததையும் தமிழர்கள் பார்த்திருக்கிறார்கள். 2009இன் முதல் மாதங்களில், இலங்கைப் போரின் இறுதியில், வன்னியில் முற்றுகைக்குள் அகப்பட்ட மக்கள் அரிசி, தண்ணீர், உப்பு மட்டும் சேர்ந்த கஞ்சியைக் குடித்து உயிர் பிழைத்தார்கள். தேங்காய்ப்பால் கிடைத்த நாள் நல்ல நாள். கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள்மேலும் குண்டு விழுந்ததை உயிர்தப்பி வந்தவர்கள் சொல்கிறார்கள். போர் முடிந்த மே 18ஐ ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இன்று 'முள்ளிவாய்க்கால் கஞ்சி' காய்ச்சி, போவோர் வருவோருக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். ருசிக்காக யாரும் அதைக் குடிப்பதில்லை. பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டியதுகூட இல்லை. ஒரு மிடறு உள்ளே போனதும் "இதையா சாப்பிட்டீங்க?" என்று அவர்களே கேட்பார்கள்.

2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் இந்தக் கஞ்சியை வழங்கியதற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வரைப் போலீசார் கைது செய்தார்கள். பிறகுதான் பிணை கிடைத்தது. ஒரு கிடாரம் உப்புக்கஞ்சி ஓர் அரசை அச்சுறுத்த முடியும் என்றால், சமையலுக்குள் எவ்வளவு நினைவு அடங்கியிருக்கிறது என்று அந்த அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அழும் உரிமையைப் போலவே இதுவும் மக்களின் உரிமை. அதைத் தடுப்பது கொடுமை என்று தமிழ்நாட்டிலிருந்து உரக்கச் சொல்ல வேண்டும். இதை எங்கோ தொலைவில் நடந்ததாக எண்ணிக் கறம்பக்குடி ஒதுங்கவும் முடியாது. பக்கத்து ஆலங்குடி வட்டாரத்துத் தோப்புக்கொல்லையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது.

சமைக்க மனம் இருந்தாலும் பொருள் வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, கறம்பக்குடி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தென்னை விழுந்தால் அது வருமான இழப்பு. கணக்கெடுத்து நிவாரணம் கேட்கலாம். தாத்தா நட்ட பலா விழுந்தால் எந்தப் படிவத்தில் எழுதுவது? அந்த மரத்துப் பிஞ்சில் பொரியல், காயில் குழம்பு, பழத்தில் பிள்ளைகளின் கோடை விடுமுறை, கொட்டையை மண்ணில் புதைத்து மழைக்காலத்துக்குச் சேமிப்பு என்று ஒரு வீட்டின் ஆண்டே அதைச் சுற்றி ஓடியது. புதுக்கன்று நட்டவர்கள் உண்டு. ஆனால் பலாவில் ஒவ்வொரு மரத்துச் சுளைக்கும் ஒரு ருசி. கொட்டை போட்டு முளைத்த கன்று தாய் மரத்தின் ருசியை அப்படியே தரும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக் கட்டி வைத்திருந்தால்தான் அந்தச் சுளை திரும்பக் கிடைக்கும். வீட்டில் நினைவோடு சேர்ந்த மரம் இன்றும் நிற்கிறதென்றால் அடுத்த புயலுக்கு முன்பே ஒட்டுக்கன்று எடுத்து அண்ணன் தம்பி வீடுகளில் ஒவ்வொன்று நட்டுவிடுவது நல்லது.

இன்னொரு சங்கடமும் உண்டு. மரபைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அதைச் சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த நினைவையெல்லாம் யார் சமைக்கிறார்கள்? பெரும்பாலும் மருமகள். மாமனாரின் அப்பாவை அவள் பார்த்ததே இருக்காது. அவருக்குப் பிடித்த களியைக் கிண்டி, அவருக்குப் பிடித்த பக்குவத்தில் கருவாட்டைப் பொரித்து, குளித்து ஈரத்தலையோடு அடுப்படியில் நின்று மதியம் வரை பட்டினி கிடப்பவள் அவள்தான். அவளைப் பெற்றவள் இறந்திருந்தால் அந்தப் படையல் அண்ணன் வீட்டில். அங்கே சமைப்பது இன்னொரு மருமகள், அதாவது அண்ணி. ஆகப் பெற்ற மகளின் கைக்குத்தான் தாயின் பக்குவம் தெரியும், ஆனால் அந்தக் கைக்குத் தாயின் இலையில் வேலையில்லை. இப்படித்தான் அம்மாயிகளின் சமையல் ஒரே தலைமுறையில் காணாமல் போகிறது.

இதை மாற்ற சாஸ்திரம் தடை சொல்லும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தை வழியோடு தாய்வழித் தாத்தா, பாட்டிமாரையும் சேர்த்தே பெயர் சொல்லித் தண்ணீர் விடுகிறார்கள். மகாளய பட்சத்தில் காருணிக பித்ருக்கள் என்று சித்தப்பா, அத்தை, குரு, நண்பர் வரை நினைக்க இடம் இருக்கிறது. மந்திரத்தில் இருக்கும் தாராளம் அடுப்படிக்கும் வரட்டும். தீபாவளிப் படையலில் அப்பாயி இலைக்குப் பக்கத்தில் அம்மாயிக்கும் ஓர் இலை போட்டால் எந்தக் குடியும் கெட்டுப்போகாது. அந்த இலைக்கான பண்டத்தை மகள் தன் தாயின் பக்குவத்தில் சமைக்கட்டும்.

ஆண்களும் சமைக்க வேண்டும். கறம்பக்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆண்களில் எத்தனையோ பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பொது அறையில் தங்கித் தாங்களே பொங்கிச் சாப்பிட்டவர்கள். அங்கே மீன் குழம்பு வைக்கத் தெரிந்த கைக்கு, ஊருக்கு வந்ததும் அம்மாவின் படையலுக்குக் குழம்பு வைக்கத் தெரியாமல் போவது எப்படி? கொள்ளி வைத்த கைதான் கரண்டியும் பிடிக்க வேண்டும். மொட்டை போட்டுக்கொண்டு துண்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பதைவிட, அம்மா எப்படிப் புளி கரைத்தாள் என்று யோசித்துக் கரைப்பது அவளுக்குச் செய்யும் பெரிய மரியாதை.

பதினாறாம் நாளுக்கு ஊரே வரும், சமையல் மாஸ்டரை வைக்காமல் முடியாது. அதில் தவறும் இல்லை. கூட்டத்துக்குப் பிரியாணியே போடட்டும். படையல் இலைக்கு உரியதை மட்டுமாவது அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் கையால் ஆக்க வேண்டும். கடையில் வாங்கிய இட்லியும் வடையும் இலையில் வந்து உட்கார ஆரம்பித்திருக்கின்றன. அவை இறந்தவருக்குப் பிடித்திருந்தால் சரி. பிடிக்கும் பிடிக்காது என்று கேட்க ஆளில்லாததால் அவை வந்திருந்தால், அந்த வீட்டில் அவரை அறிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று பொருள்.

எனவே கேட்க வேண்டியவர்களிடம் இப்போதே கேட்டுவிட வேண்டும். அம்மாவோ அப்பாயியோ நடமாட்டமாக இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமைக்கட்டும், பேரனோ பேத்தியோ பக்கத்தில் நின்று எழுதட்டும். அளவு கேட்டால் "கண்ணளவுதான்" என்பார். அதற்காக விட்டுவிடக் கூடாது. அவர் கையில் அள்ளிய மல்லித்தூளை ஒரு தட்டில் கொட்டச் சொல்லி எடை போடலாம். புளி உருண்டையையும் அப்படியே. குழம்புத்தூளுக்கு மில்லில் கொடுத்த மல்லிக்கு எத்தனை மிளகாய், எந்தக் கடைச் சரக்கு, வறுத்ததா வெயிலில் காய்ந்ததா என்று கேட்டுக்கொள்ளலாம். எந்தச் சட்டி, விறகடுப்பா கேஸா என்பதுகூட வேண்டும். எழுதச் சோம்பல் என்றால் போனில் படமெடுக்கலாம். ஆனால் முகத்தைவிடக் கையை எடுக்க வேண்டும், வாணலிக்குள் நிறம் மாறும் இடத்தை எடுக்க வேண்டும். யாரிடம் கற்றார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், இரண்டு தலைமுறைக்கு முந்தைய பெண்ணொருத்தியின் பெயர் வெளியே வரும். ஊராட்சி நூலகத்திலோ மகளிர் குழுவிலோ ஆளுக்கு ஒரு குறிப்பு என்று சேர்த்தால் ஓர் ஊரின் புத்தகம் ஆகிவிடும். அதை அச்சடிக்கும் செலவு ஒரு மொய் விருந்தில் ஆட்டுக்கறிக்கு ஆகும் செலவில் சிறு பகுதிகூட இராது.